ஸ்டாட்டை ஏற்றியும் அடி ஏறவில்லையா?

ரோல்-ப்ளேயிங் கேமுக்குப் புதிதாக வருபவர்கள், லெவல் ஏறியதும் கிடைக்கிற புள்ளிகளை எல்லாம் ஸ்ட்ரெங்த் என்ற ஸ்டாட்டில் (கதாபாத்திரத்தின் திறனைக் காட்டும் எண்) கொட்டுவார்கள். அடி பலமாகத்தான் விழும். ஆனால் பாஸ் (பெரிய எதிரி) திருப்பி ஒன்று போட்டால் ஆள் காலி. எல்டன் ரிங் கேமில் உயிர் அளவைத் (ஹெச்பி) தருவது விகர் என்ற ஸ்டாட். அது 40-ல் இருந்தால் 1450 ஹெச்பி, 60-ல் 1900. அதற்கு மேல் 39 லெவலைச் செலவழித்து 99-க்குப் போனாலும் 2100-தான். 40 வரையாவது ஏற்றாமல் விடுவது எவ்வளவு தவறோ, 60-ஐத் தாண்டி ஏற்றுவதும் அவ்வளவு வீண். ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் இப்படிப் பலன் சுருங்கும் இடம் ஒன்று உண்டு. அது எங்கே என்று தெரியாமல் புள்ளியைப் போடாதீர்கள்.

பல்டர்ஸ் கேட் 3 வேறு மாதிரி. அங்கே எபிலிட்டி (ஸ்டாட்டுக்கு அங்குள்ள பெயர்) எண் இரட்டைப்படையாகும்போதுதான் போனஸ் ஏறும். 16-க்கும் +3, 17-க்கும் +3, 18-க்குத்தான் +4. அப்புறம் ஒரு புள்ளி சேர்த்துத் தரும் ஃபீட் (சிறப்புத் திறமை) எடுக்கும் திட்டம் இருந்தால் 17 சரி, இல்லாவிட்டால் அந்த ஒரு புள்ளி சும்மா கிடக்கும்.

அதிகம் பேர் வழுக்குவது சதவீதக் கணக்கில். ஏற்கெனவே உங்கள் அட்டாக் போனஸ் 100% என்று வையுங்கள். இன்னும் 20% தரும் பொருளை மாட்டினால் மொத்த அடி 2 மடங்கிலிருந்து 2.2 மடங்காகிறது, உண்மையில் கூடியது 10%தான். ஆனால் கிரிட்டிக்கல் (அவ்வப்போது விழும் கூடுதல் பலமான அடி) தனியாகப் பெருக்கப்படும் கணக்கு. அதிலும் கிரிட் டேமேஜ் (அப்போது கூடும் அடி) எண்ணைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். கிரிட் ரேட் (அது விழும் வாய்ப்பு) 5%, கிரிட் டேமேஜ் 200% என்றால் சராசரி அடி 1.10 மடங்கு. ரேட் 50%, டேமேஜ் 110% என்றால் 1.55 மடங்கு! திரையில் அவ்வப்போது பெரிய எண் பறப்பதைப் பார்க்க ஜோராக இருக்கும், சண்டை மட்டும் முடியாது.

எதிரியின் டிஃபென்ஸை நேரடியாகக் கழிக்கும் கேம்களில் வேகமான ஆயுதம் ஏமாற்றும். டிஃபென்ஸ் 40 என்றால், 100 அளவுள்ள ஒரே அடியில் 60 இறங்கும். ஐம்பது ஐம்பதாக இரண்டு அடி கொடுத்தால் மொத்தமே 20தான். கேம் கழிக்கிறதா, சதவீதமாகக் குறைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கனமான கவசத்தை அள்ளி மாட்டுவதும் பழைய தவறு. எல்டன் ரிங்கில் சுமை, தாங்கும் அளவில் 70%-ஐத் தொட்டதும் அடியிலிருந்து தப்ப உருளும் வேகம் படுத்துவிடும்.

பில்ட் (புள்ளிகளைப் பங்கிட்ட விதம்) சொதப்பிவிட்டதா? புது கேம் தொடங்க வேண்டாம். பல்டர்ஸ் கேட் 3-ல் விதர்ஸ் என்ற கதாபாத்திரத்திடம் 100 தங்கம் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம். எல்டன் ரிங்கில் ரெனாலா என்ற பாஸை வென்ற பிறகு அவளிடமே போய், லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால் போதும்.