மஞ்சு வம்சம் விழுந்த கதையை ஒரே தாளில் போடுவது எப்படி

சீனாவை ஆண்ட கடைசி வம்சமான மஞ்சு (சிங்) ஏன் விழுந்தது என்ற பாடத்தைப் பதினெட்டு வருடம் பிழையாகத்தான் படிப்பித்தேன். கரும்பலகையின் நடுவே கோடு கீறி, இடப்பக்கம் உள்நாட்டுக் காரணங்கள், வலப்பக்கம் வெளிநாட்டுக் காரணங்கள் என்று எழுதிப் போடுவேன். பிள்ளைகள் அதைக் கொப்பியில் இறக்கி, சோதனையில் ஐந்துக்கு ஐந்தாக அப்படியே கொட்டிவிட்டு வருவார்கள். வம்சம் ஏன் விழுந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. ஓய்வு பெற்றாயிற்று, இனி ஒத்துக்கொள்ளலாம்.

இப்போது கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழு உயர்தரப் பிள்ளைகள் வந்து இருக்கிறார்கள். கோடு அதே கோடுதான். ஆனால் நான் மாற்றிக்கொண்டது, அந்தக் கோட்டைக் குறுக்கே கடந்து போனது என்ன என்று தேட வைப்பது.

ஒரு டிமைத் தாள், அடிமட்டம், பென்சில், சிவப்புப் பேனை போதும். தாளை நெடுக்காக வைத்து நடுவே கோடு கீறி, மேலே 1793, கீழே 1912 என்று போடுங்கள். கீழே நாலு விரல் இடம் விடுங்கள். அது கடைசியில் தேவைப்படும். இடப்பக்கம் பென்சிலால்: 1796 வெண்தாமரைக் கலகம், 1851 தைப்பிங் கலகம், 1855இல் மஞ்சள் ஆறு தடம் மாறியது, 1900 வெளிநாட்டாரை எதிர்த்த பொக்சர் கலகம், 1911 வூசாங் சிப்பாய்க் கிளர்ச்சி. வலப்பக்கம்: 1793இல் பிரித்தானியர் மக்கார்ட்னியின் தூது, 1839–42 முதலாம் அபினி யுத்தம், 1856–60 இரண்டாவது, 1894–95 ஜப்பானுடன் யுத்தம், 1901 நட்ட ஈடு. பேரரசர்களின் பெயர்களை இப்போது எழுத வேண்டாம். எழுதினால் பிள்ளைகள் எல்லாப் பழியையும் பேரரசி சிஷியின் தலையில் கட்டிவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். அவ பிறந்தது 1835இல். அதற்கு முன்பே வெள்ளி வெளியே போகத் தொடங்கிவிட்டது.

அப்புறம் சிவப்புப் பேனை. இதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கோடு இழுக்க வேண்டுமானால், எந்தப் பொருள் அல்லது எந்த ஆட்கள் அந்தப் பக்கம் போனார்கள் என்று ஒரு முழு வசனம் சொல்ல வேண்டும். "மக்கள் கொதித்தெழுந்தனர்" என்றால் பேனையைப் பறித்துவிடுவேன்.

முதல் கோட்டை வெள்ளியில் தொடங்குங்கள்: அபினி வாங்கக் கொடுத்த வெள்ளி நாட்டைவிட்டுப் போனது. விவசாயி நெல்லையோ கோதுமையையோ விற்றுக் கையில் வாங்குவது செப்புக் காசு. அரசாங்கம் வரியைக் கணக்குப் பார்ப்பது வெள்ளியில். நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தேல் (வெள்ளியை நிறுக்கும் அலகு) வெள்ளிக்கு ஏறக்குறைய 1000 காசு. 1840களில் 2000ஐத் தாண்டிவிட்டது. வரி வீதம் ஏறவில்லை, ஆனால் கட்டுகிறவனுக்கு இரட்டிப்பு. இதைச் சொல்லி முடிக்க முதலே பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன், "ரீச்சர், இது எங்கட டொலர் கதையெல்லோ!" என்றான். அதேதான். 2022 மார்ச்சில் இருநூறு ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டதையும், தகப்பனோடு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதையும் அவன் மறக்கவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: வெள்ளி குறைந்ததற்கு அபினி மட்டும் காரணமில்லை. அந்தக் காலத்தில் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளியும் குறைந்தது. அபினியை மட்டும் எழுதினால் கதை நன்றாக இருக்கும், விடை அரைகுறையாக இருக்கும்.

இரண்டாவது கோடு, முதலாம் அபினி யுத்தத்தை முடித்த 1842 நான்ஜிங் உடன்படிக்கையிலிருந்து தைப்பிங்குக்கு. ஐந்து துறைமுகங்கள் திறந்தன; தெற்கே கன்டன் துறைமுகம் வழியே போன வர்த்தகம் மெல்ல ஷங்காய் பக்கம் திரும்பியது. கன்டனுக்கு மலை தாண்டித் தேயிலை சுமந்த கூலிகளுக்கும் படகோட்டிகளுக்கும் வேலை போயிற்று. அந்தத் தென்பகுதியில்தான் ஹொங் சியூசுவான் என்பவர் அரச பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்று, நோயில் கிடந்து கனவு கண்டு, பிறகு கிறிஸ்தவத் துண்டுப் பிரசுரம் ஒன்றைப் படித்துத் தன்னை யேசுவின் தம்பி என்று நம்பி, தைப்பிங் கலகத்துக்குத் தலைவரானார். பிள்ளைகள் இதில் சிரிப்பார்கள். சிரிக்க விடுங்கள், ஆனால் உடனே கணக்கைச் சொல்லுங்கள்: 1864 வரை நீண்ட அந்தப் போரில் செத்தவர்கள் இரண்டு கோடிக்குக் குறையாது என்பதுதான் பொதுவான மதிப்பீடு. கனவு கண்டவர் ஒருவர்தான். பின்னால் போக ஆட்கள் இருந்ததற்குக் காரணம் கனவு இல்லை, வேலையில்லாத் தோள்கள்.

இங்கே கொஞ்சம் நின்று 1860ஐப் பெரிதாக வட்டமிடுங்கள். அந்த ஓகஸ்டில் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் வடக்கே டாகு கோட்டைகளில் மஞ்சு அரசோடு சண்டை பிடித்தன. அதே ஓகஸ்டில் அதே இரு நாட்டுப் படைகளும் ஷங்காயில் தைப்பிங்காரரை அடித்துத் திருப்பின. ஒக்டோபரில் பீஜிங்குக்குப் பக்கத்துக் கோடைகால மாளிகையை எரித்தார்கள். பிள்ளைகள் இதைப் பிழை என்று நினைத்து அழித்துவிடப் பார்ப்பார்கள். பிழையில்லை. உடன்படிக்கைகளில் கையெழுத்துப் போட்டது மஞ்சு அரசு. அது விழுந்தால் சலுகை போய்விடும், நிமிர்ந்தாலும் போய்விடும். கடன்காரன் செத்தும் போகக் கூடாது, தலையெடுக்கவும் கூடாது.

மூன்றாவது கோடு இடப்பக்கத்துக்குள்ளேயே ஓடும், பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். தைப்பிங்கை அடக்க மத்திய அரசால் ஏலாது. செங் குவோஃபான் என்ற அதிகாரி ஹூனான் மாகாணத்தில் சொந்தப் படை திரட்டினார். செலவுக்கு 1853 முதல் லிகின் என்ற வரி, சரக்குப் போகும் வழியெல்லாம் சாவடி. படை பிழைத்தது, வம்சமும் பிழைத்தது, ஆனால் காசும் துவக்கும் மாகாணங்களின் கைக்குப் போயின. இந்தக் கோட்டை 1911 வரைக்கும் இழுத்து வையுங்கள்.

நான்காவது, அடைவு. எங்கள் பக்கத்தில் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அம்மாவின் சங்கிலி வங்கிக்குப் போய் வந்த வீடுகள்தான் எல்லாம். ஜப்பானிடம் தோற்று 20 கோடி தேல், பொக்சர் கலகத்துக்காக 1901இல் 45 கோடி தேல், 39 வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும். பிணை சுங்க வருமானமும் உப்பு வரியும். சுங்கத் திணைக்களத்தின் தலைமையிலோ பல பத்து வருடமாக ராபர்ட் ஹார்ட் என்ற அயர்லாந்துக்காரர்.

ஐந்தாவதைப் பிள்ளைகளே இழுக்கட்டும். 1911 மே மாதம் அரசு ரயில் பாதைகளைத் தன் கைக்கு எடுத்து, வெளிநாட்டு வங்கிகளிடம் கடன் வாங்கியது. சிச்சுவானில் பங்கு போட்டவர்கள் கிளம்பினார்கள். அதை அடக்க ஹூபெய்யிலிருந்து படைகள் போயின. ஒக்டோபர் 9இல் ஹான்கோவில் குண்டு செய்த புரட்சிக்காரரின் கையில் ஒன்று தவறி வெடித்து, பெயர்ப்பட்டியல் பொலிசிடம் சிக்கியது. இனி இருந்தால் தலை போகும் என்று மறுநாள் அதே ஹூபெய்யின் வூசாங்கில் சிப்பாய்கள் எழும்பிவிட்டார்கள். மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மூன்றாவது கோடு வந்து முடியும் இடம் இதுதான்.

முறை சரியா என்று பார்க்க, வேறு இரண்டு வம்சங்களைச் சின்னத் தாளில் போட்டுப் பாருங்கள். மிங் நன்றாகப் பொருந்தும்: வடக்கே மஞ்சுகளோடு போர் செய்ய வரி ஏற்றினார்கள், சிக்கனம் பார்க்க அஞ்சல் நிலையங்களை மூடினார்கள், அங்கே வேலை செய்த லீ சிச்செங் 1644இல் பீஜிங்குக்குள் நுழைந்தார். ஹான் வம்சத்துக்கு 184இன் மஞ்சள் தலைப்பாகைக் கலகம் முதல் 220 வரை போட்டால் வலப்பக்கம் ஏறக்குறைய வெறுமை. வெறுமை என்றால் வெறுமையாகவே விடுங்கள், நிரப்புவதற்காக ஒரு அந்நியரைக் கண்டுபிடிக்க வேண்டாம். போன வருடம் ஒரு பிள்ளை அங்கேயும் அபினி எழுதியிருந்தா.

சரி, அந்த நாலு விரல் இடம். 1912 பெப்ரவரி 12இல் ஆறு வயதுச் சிறுவன் பூ யியின் பெயரால் முடி துறந்தார்கள். அடியில் கோடு போட்டு மூட அவசரப்பட வேண்டாம். அந்தப் பிள்ளை 1924 வரை அதே அரண்மனையில்தான் இருந்தார். அதை இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம், 45 கோடியின் தவணையைக் குடியரசு தொடர்ந்து கட்டியது என்று எழுதுங்கள்.

பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஐந்து வசனங்களையும் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். மூன்றாவது வராது. எல்லோருக்கும் முதல் தடவை அதுதான் வராது.