கரித்துண்டு, கித்தான், வகுப்பு: ஓவியருக்கான வேலைமுறை

பயிற்சியில் இருப்பவர்கள் வண்ணத்துக்கு அவசரப்படுகிறார்கள். ஒரு படம் சொதப்பினால் தப்பு பெரும்பாலும் நிறத்தில் இருக்காது. எது எவ்வளவு வெளிச்சம், எது எவ்வளவு இருட்டு என்பதில்தான் இருக்கும். அதனால் முதல் சில மாதங்களுக்குக் கரித்துண்டும் பென்சிலும் போதும்.

வெள்ளை முட்டையை வெள்ளைத்தாளில் வைத்து, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு போட்டு வரையுங்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தால் விவரங்கள் மங்கி, வெளிச்சத்திலிருந்து இருட்டுவரை நான்கைந்து படிகள் மட்டும் மிஞ்சும். நிழலுக்குள் தாளிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் இருப்பதைவிடப் பளிச்சென்று கண்ணுக்குப் படும். அதை நம்பி வரைந்தால் முட்டை தட்டையாகிவிடும். நிழல் பக்கத்தின் மிக வெளிச்சமான இடம்கூட, ஒளி பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிட இருட்டாகவே இருக்கட்டும். இதோடு தினமும், 30 நொடியிலோ 2 நிமிடத்திலோ முடியும் மனித உருவக் கோட்டுப்படங்கள் குறைந்தது இருபது போடுங்கள். அழகாக வர வேண்டியதில்லை.

வண்ணத்துக்கு வரும்போது நான்கு டியூப் வாங்கினால் போதும்: டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், காட்மியம் சிவப்பு, ஐவரி கருப்பு. சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் வழங்கும் வண்ணத் தொகுதியின் இன்றைய வடிவம் இது. கருப்பில் வெள்ளை கலந்த சாம்பல், சிவப்புக்குப் பக்கத்தில் நீலமாகவே தெரியும். பளீர்ப் பச்சையும் ஊதாவும் இதில் வராது. மனித உருவத்துக்கு அவை அவ்வளவு தேவையுமில்லை.

ஆயில் பெயின்ட் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. ஆகவே அடி அடுக்கை மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பான் கலந்து மெல்லியதாகப் பூசுங்கள். மேலே போகப் போக ஆளி விதை எண்ணெய் கூடட்டும். இதைத் தலைகீழாகச் செய்தால், மேல்பூச்சு இறுகிய பிறகும் அடிப்பூச்சு அசைந்துகொண்டிருக்கும், படத்தில் வெடிப்பு விழும். அம்பர் என்ற பழுப்பு வண்ணம் சீக்கிரம் காயும், ஐவரி கருப்பு மெதுவாகத்தான் காயும். எனவே அடி அடுக்கில் கருப்பைத் தடிமனாக அப்ப வேண்டாம். அக்ரிலிக் மேல் ஆயில் பூசலாம். ஆயில் மேல் அக்ரிலிக் பூசினால் உரிந்து வரும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

விற்கத் தொடங்குமுன், ஒரே போக்கில் அமைந்த 15 முதல் 20 படங்கள் கையில் இருக்கட்டும். விலையைப் பரப்பளவால் கணக்கிட்டால் சின்னப் படம் அடிபடும்: 40×50 செ.மீ. படத்தோடு ஒப்பிட்டால் 20×25 செ.மீ. படத்துக்குக் கால்வாசி விலைதான் வரும், உழைப்போ அவ்வளவு குறையாது. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி (90, 45) ஒரு விகிதத்தால் பெருக்கினால் பாதி விலை வரும், அது நியாயம். படச் சட்டத்தின் (பிரேம்) செலவைத் தனியாகச் சேருங்கள். கேலரி கமிஷன் விலையில் பாதிவரை போகலாம். அதற்காக வீட்டில் மலிவாக விற்றால் கேலரி உறவு முறியும்.

ஆர்டர் எடுத்தால் முன்பணம் வாங்காமல் கித்தானைத் தொடாதீர்கள். உள்ளங்கை அளவில் ஒளி-நிழல் படம் ஒன்று போட்டு ஒப்புதல் வாங்குங்கள். திருத்தம் இரண்டு முறை மட்டும், பதிப்புரிமை யாருக்கு என்பதையெல்லாம் எழுத்தில் வையுங்கள். உருவப்படத்தில் தகராறு பெரும்பாலும் வாயோரத்தில்தான் வரும். அதைக் கடைசிவரை மென்மையாக விட்டுவையுங்கள்.

கற்பிப்பது வேறு வேலை. கை தானாகச் செய்வதை வாயால் சொல்ல வர வேண்டும். இரண்டு மணி நேர வகுப்புக்கு எட்டுப் பேர் போதும். முதல் 15 நிமிடம் நீங்கள் வரைந்து காட்டுங்கள்; பிறகு ஆளுக்கு ஆறு நிமிடமாக இரண்டு சுற்று வரலாம். ஒரு சுற்றில் ஒரு குறையை மட்டும் சொல்லுங்கள். ஐந்தைச் சொன்னால் எதுவும் திருந்தாது. மாணவரின் படத்தில் தூரிகை வைக்காதீர்கள். வைத்தால் படம் தேறும், மாணவருக்கு ஏன் தேறியது என்று தெரியாது. டிரேசிங் தாளை மேலே விரித்து அதில் திருத்திக் காட்டிவிட்டு, தாளை எடுத்துவிடுங்கள்.