வெளிநாட்டுக் குழந்தைகள் இல்லத்துக்கு வாலண்டியராகப் போவது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

நர்சிங் முடித்தவர்கள், பி.எட். முடித்து டெட் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள், பெங்களூரு வேலையில் சேர இன்னும் இரண்டு மூன்று மாதம் இருப்பவர்கள். பெரும்பாலும் இவர்கள்தான் கேட்கிறார்கள்: "அக்கா, நேபாளத்துல ஒரு ஆர்ஃபனேஜ் இருக்காம். ஒரு மாசம் போய் பிள்ளைகள பாத்துட்டு வரலாமா?" சபை வழியாக மிஷன் ட்ரிப் கிளம்புகிறவர்கள் உண்டு. கம்போடியா, கென்யா என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

போகலாம். ஆனால் பிள்ளைகளைக் கொஞ்சுவதற்குப் போகாதீர்கள். அந்தப் பிள்ளைகளை வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கைகொடுக்கப் போங்கள். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். டிக்கெட் ஆறாவது படியில்தான் வரும். அவசரப்பட்டு முதலிலேயே டிக்கெட் போட்டுவிட்டால், பிறகு எந்தக் கேள்வியும் கேட்க மனசு வராது.

படி 1: அங்கே இருக்கும் பிள்ளைகள் யார்?

எல்லாரும் தாண்டிப் போகிற படி இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உலகம் முழுக்க இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ரன் அமைப்பு 2009-ல் சொன்னது. பிறகு ஏன் இல்லத்தில் இருக்கிறார்கள்? வறுமை, பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாதது, நோய், குடி. நமக்கு இது புதுசா என்ன? வீட்டுக்காரர் கடலில் இறந்துபோனபிறகு, முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளையை ஹோமில் விட்டுப் படிக்கவைத்த அம்மாக்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை யாராவது அநாதை என்று சொன்னால் அந்த அம்மா சண்டைக்கு வருவார்.

இதற்குள் வெளிநாட்டுப் பணம் வரும்போதுதான் சிக்கல். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அந்த நாட்டில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் அப்படிக் கூடவில்லை. கூடியது சுற்றுலாப் பயணிகள். நேபாளத்தில் 77 மாவட்டங்கள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலான இல்லங்கள் காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், பொக்கரா இருக்கும் காஸ்கி, சித்வன் என்று டூரிஸ்ட் போகிற மாவட்டங்களில்தான் இருக்கின்றன. 1996 முதல் 2006 வரை அங்கே உள்நாட்டுப் போர் நடந்தது. அப்போது ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். "காத்மாண்டுல நல்லா படிக்கலாம்" என்று சொல்லிப் பெற்றோரிடமே பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். வந்தபிறகு, பெற்றோர் இறந்துவிட்டதாகக் காகிதம் தயாரானது. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு இது மறுபடி பெருகும் என்று பயந்துதான் நேபாள அரசு புது இல்லங்களுக்குப் பதிவு கொடுப்பதை நிறுத்தியது.

2018-ல் ஆஸ்திரேலியா தன் நவீன அடிமைமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இப்படி இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அடிமைமுறையின் ஒரு வடிவமாகக் கணக்கில் எடுத்தது. 2019-ல் ஐ.நா. பொதுச்சபையும் வெளிநாட்டவர் இல்லங்களுக்கு வாலண்டியராகப் போய்வரும் இந்த இல்லச் சுற்றுலாவைத் தடுக்கச் சொல்லி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நாம் கட்டும் வாலண்டியர் கட்டணமும் அந்தத் தரகரின் சம்பளத்துக்குப் போய்ச் சேரலாம் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நீங்கள் கேட்டைத் தாண்டியதும் நாலு வயசுப் பையன் ஒருத்தன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வான். பேர்கூடக் கேட்காமல் மடியில் ஏறி உட்காருவான். நமக்குக் கண் கலங்கிவிடும். ஆனால் வீட்டில் வளர்கிற நாலு வயசுப் பிள்ளை புது ஆளைக் கண்டால் என்ன செய்யும்? அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளியும், அரைமணி நேரம் எட்டிப்பார்க்கும், பிறகுதான் பக்கத்தில் வரும். வளர்ச்சி சரியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வந்த ஆளிடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு, நிலையாகக் கூட இருந்தவர் என்று யாரும் வாய்க்காமல் போயிருக்கலாம். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-ல் தொடங்கிய நீண்ட ஆய்வு, இல்லத்திலிருந்து சீக்கிரமே, குறிப்பாக இரண்டு வயசுக்குள், வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியதைக் காட்டியது. ஒரு மாதம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுகிற நாம், விட்டுப்போனவர்கள் பட்டியலில் இன்னொரு ஆளாகத்தான் சேருவோம்.

படி 2: உங்கள் கையில் என்ன வேலை இருக்கிறது?

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். "பாசம்" என்று எழுதக்கூடாது, அது எல்லாரிடமும் இருக்கிறது.

பி.எஸ்ஸி. நர்சிங் என்றால், இல்லத்தில் வேலை பார்க்கும் அம்மாக்களுக்கு முதலுதவி, வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது, மருந்து அட்டவணை எழுதும் முறை இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கலாம். பிசியோதெரபி, சிறப்புக் கல்வி படித்தவர்களுக்கு எங்கேயும் தேவை இருக்கிறது. பி.காம். படித்தவரா? பல சின்ன அமைப்புகள் தடுமாறுவது கணக்கில்தான். பிளம்பிங், எலக்ட்ரிகல் தெரிந்தவர் ஒரு வாரத்தில் செய்கிற நன்மையை, ஒன்றும் தெரியாத பத்துப் பேர் சேர்ந்தாலும் செய்ய முடியாது. சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து அதில் கைரேகை பதிப்பதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தாள் காலியாக இருந்தால் குறையொன்றுமில்லை, இந்த வருஷம் மூன்றாவது படியோடு நின்றுகொள்ளுங்கள்.

படி 3: முதலில் இங்கே

குமரி மாவட்டத்தில் குழந்தைகள் இல்லங்களுக்குப் பஞ்சமில்லை. நமக்குத் தெரிந்த வழி பிறந்தநாள் சாப்பாடு. பிரியாணியோ பாயாசத்தோடு சாப்பாடோ ஏற்பாடு செய்துவிட்டுக் குடும்பத்தோடு போவோம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பாட்டுப் பாடுவார்கள், ஜெபம் செய்வார்கள், பிறகு "தேங்க்யூ அங்கிள், தேங்க்யூ ஆன்ட்டி" என்று ஒரே குரலில் சொல்வார்கள். இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், நாம் போட்டோ எடுத்துக்கொண்டிருப்போம். சனிக்கிழமை ஒரு குடும்பம், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு குடும்பம். வாரத்துக்கு இரண்டு தடவை, முன்பின் தெரியாதவர்களின் பிறந்தநாளுக்குப் பாடுகிற அந்தப் பிள்ளையின் பிறந்தநாள் என்றைக்கு என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதை விட்டுவிட்டு வேறு மாதிரி தொடங்குங்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய், பதிவு பெற்ற இல்லங்களில் எதற்கு எந்த உதவி தேவை என்று கேளுங்கள். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி எல்லாக் குழந்தைகள் இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத இடத்துக்கு, நடத்துகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், போகாதீர்கள். அதே சட்டத்தின் 74-வது பிரிவு, இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளம் வெளியாவதைத் தடுக்கிறது. இல்லத்துப் பிள்ளையோடு எடுத்த செல்ஃபியை ஸ்டேட்டஸில் போடுவது இந்தப் பிரிவோடு விளையாடுவதுதான்.

வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம், குறைந்தது ஆறு மாதம். மழை பெய்தாலும், கோயில் கொடை என்றாலும், சபைத் திருவிழா என்றாலும். பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லிக்கொடுப்பதோ, அலுவலகத்தில் ரெஜிஸ்டர் எழுதுவதோ எதுவானாலும் சரி. ஆறு மாதம் இதைத் தாங்க முடியாதவர் காத்மாண்டுவில் மட்டும் தாங்கிவிடுவாரா?

படி 4: அமைப்பைச் சோதிப்பது

பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கிற வேலை, ஏழைக் குடும்பங்களுக்கான பகல் நேரக் காப்பகம், பள்ளி முடிந்தபின் நடக்கும் வகுப்பு, வளர்ப்புக் குடும்பங்களுக்குப் பயிற்சி: இவற்றில் ஒன்றைச் செய்கிற அமைப்பைத் தேடுங்கள். இல்லம் மட்டுமே நடத்துகிற இடம் என்றால் கீழே உள்ள கேள்விகளை மெயிலில் அனுப்புங்கள். போனில் கேட்காதீர்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும்.

- உங்கள் அரசுப் பதிவு எண் என்ன, கடைசியாக ஆய்வு நடந்தது எப்போது?
- உங்களிடம் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோரோ உறவினரோ இருக்கிறார்கள்? கடந்த ஆண்டு எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்?
- வாலண்டியர் பிள்ளையோடு தனியாக இருக்கலாமா?
- நான் செய்யப்போகும் வேலையை இப்போது யார் செய்கிறார்? நான் போனபின் யார் செய்வார்?
- நான் கட்டும் பணத்தில் ஏஜென்சிக்கு எவ்வளவு, உள்ளூர் அமைப்புக்கு எவ்வளவு?

பதிலைவிட முக்கியமானது, அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பது. போலீஸ் சான்றிதழ், இரண்டு பேரின் பரிந்துரை, வீடியோ நேர்காணல், குழந்தைப் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்து எல்லாம் கேட்டால் நல்ல அறிகுறி. "எப்ப வேணாலும் வாங்க, எத்தனை நாள் வேணாலும் தங்குங்க, பணத்தை மட்டும் முன்கூட்டியே அனுப்புங்க" என்று பதில் வந்தால், நீங்கள் யார் என்று தெரியாமலே பிள்ளைகள் தூங்குகிற இடத்துக்குள் உங்களை விடத் தயாராக இருக்கிறார்கள். நாளைக்கு வேறு எவனையும் அப்படித்தான் விடுவார்கள். அந்த மெயிலை அத்தோடு விட்டுவிடுங்கள். பிள்ளைகள் டூரிஸ்டுகளுக்கு நடனம் ஆடுகிற வீடியோ போடும் இடங்களுக்கும் இதே பதில்தான்.

சபை வழியாகப் போகிறவர்களும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். "ஊழியத்துல இப்படிக் கேக்கலாமா" என்று சங்கடப்படுவீர்கள். பிள்ளைகள் விஷயத்தில் கேட்கத்தான் வேண்டும்.

படி 5: காகிதங்கள்

புது பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழுக்கு 500 ரூபாய். இரண்டுக்கும் பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பித்து, திருநெல்வேலி சேவா கேந்திரத்தில் நேரம் வாங்கிக்கொள்ளலாம்.

நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போவதானால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மற்ற நாடுகளுக்கு ஒரு எச்சரிக்கை: சம்பளமில்லாத வேலையையும் பல நாடுகள் வேலை என்றே கணக்கில் எடுக்கும். "டூரிஸ்ட் விசால வந்துடுங்க, கேட்டா சுத்திப்பாக்க வந்தேன்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொடுக்கும் ஏஜென்சியை நம்ப வேண்டாம். மாட்டினால் மாட்டுவது நீங்கள்தான்.

ஊசிகள்: டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, பி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கென்யா, உகாண்டா பக்கம் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட வேண்டும், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுவார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.

படி 6: டிக்கெட்டும் பணமும்

நமக்குப் பக்கம் திருவனந்தபுரம் விமான நிலையம்தான். காத்மாண்டு போக டெல்லியிலோ பெங்களூரிலோ மாற வேண்டியிருக்கும். பயணக் காப்பீடு எடுங்கள், அதில் மருத்துவச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஊரில் நன்கொடை திரட்டிக் கொண்டுபோவதாக இருந்தால் ரசீது புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுக்கும் பணத்துக்கு இங்கே 80ஜி வரிச்சலுகை கிடையாது என்பதையும் கொடுப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 7: அங்கே போனபிறகு

முதல் நாளே பணியாளர்களிடம் பேரைச் சொல்லி, என்ன வேலை என்று கேளுங்கள். பெரும்பாலும் காலை நாலரைக்கு எழுந்து சமைக்கிற பெண்களாக இருப்பார்கள். அவர்களை அக்கா என்றோ, நேபாளியில் திதி என்றோ நீங்கள் மதித்துக் கூப்பிடுவதைப் பிள்ளைகள் கவனிப்பார்கள். பிள்ளை அழுதால் நீங்கள் தூக்குவதற்கு முன்னால் அந்த அக்காவைக் கூப்பிடுங்கள். அவர் தூக்கட்டும், அவர் கை வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வெங்காயம் உரிப்பதும் வாலண்டியர் வேலைதான்.

தனியாக ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு வேண்டாம். நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுபோனால் அடுக்களையில் கொடுத்துவிடுங்கள், அங்கிருந்து எல்லாருக்கும் போகட்டும். குளிக்கும் இடம், தூங்கும் இடத்துக்குப் போகாதீர்கள். உன் அப்பா எங்கே, அம்மா எப்படி இறந்தார் என்று கேட்காதீர்கள். என்றைக்குக் கிளம்புவீர்கள் என்பதை வந்த அன்றே சொல்லிவிடுங்கள். "சீக்கிரம் திரும்பி வருவேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், பிள்ளைகள் அதை நம்பிக் காத்திருப்பார்கள்.

அடி, பட்டினி, பாலியல் தொல்லை என்று எதைக் கண்டாலும் நடத்துகிறவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அன்று ராத்திரி அதன் பலனை அனுபவிப்பது பிள்ளைகள். தேதி, நேரம், கண்டது என்று எழுதிவைத்துவிட்டுப் புகார் கொடுங்கள். நேபாளத்தில் குழந்தைகள் உதவி எண் நம் ஊரைப் போலவே 1098. கென்யாவில் 116.

படி 8: திரும்பி வந்தபின்

பிள்ளைகளுக்கு உங்கள் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம். தொடர்பு அமைப்பு வழியாகவே இருக்கட்டும். ஆரம்பித்த பயிற்சியை ஜூமில் மாதம் ஒருமுறை தொடர முடியுமா என்று பாருங்கள், பல அமைப்புகளுக்கு அது நேரில் வருவதைவிட வசதி.

கையோடு இங்கே செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளையை இல்லத்தில் விடாமல் வீட்டிலேயே வளர்க்க மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். அம்மா விதவை அல்லது கைவிடப்பட்டவர், பெற்றோர் தீராத நோயில் இருக்கிறார்கள் போன்ற நிலைமைகளில் உள்ள பிள்ளைகளுக்கு இது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் போவது மூன்றாவது படியில் சொன்ன அதே பாதுகாப்பு அலகுக்குத்தான். வருமானச் சான்றிதழ், ஆதார் நகல், பள்ளியில் படிப்பதற்கான சான்று, பிள்ளையின் பேரில் வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டிவரும். எழுதத் தெரியாத அம்மாவோடு இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் கூடவே போய்வர ஒரு ஆள் இருந்தால் அது முடிந்துவிடும்.