'லோட்டோஸ்' எல்லாம் தாமரை அல்ல: ஒரு கிரேக்கச் செடிப்பெயரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் லோட்டஸ் என்றால் தாமரை. ஆகவே கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிஸி காவியத்தில் வரும் 'லோட்டஸ் ஈட்டர்ஸ்' தாமரை தின்பவர்கள். இப்படித்தான் முதல் தவறு நடக்கிறது. ஆங்கிலத்தின் வழியாகக் கிரேக்கத்தைப் படிக்கிற நமக்கு இது எளிதில் நேர்ந்துவிடக்கூடியது. ஒருமுறை தாமரை என்று எழுதிவிட்டால், வாசிப்பவர் மனத்தில் குளமும் அகன்ற இலையும் வந்து நின்றுவிடும். ஹோமர் காட்டும் காட்சியில் குளமே கிடையாது.

அந்த இடம் ஒடிஸியின் ஒன்பதாம் காண்டத்தில் வருகிறது. டிராய் போர் முடிந்து வீடு திரும்பும் நாயகன் ஒடிஸியஸ் கிரேக்கத்தின் தெற்கே மாலேயா முனையைச் சுற்றும்போது, காற்று அவன் கப்பல்களைத் திசைமாற்றி ஒன்பது நாள் அலைக்கழிக்கிறது. பத்தாம் நாள் ஒரு கரையில் இறங்குகிறார்கள். அங்கே வாழ்பவர்கள் யார் என்று அறிந்து வர ஒடிஸியஸ் இருவரைத் தேர்ந்து, தூதனாக இன்னொருவனையும் சேர்த்து அனுப்புகிறான். அந்த ஊரார் அவர்களுக்குத் தீங்கு எதுவும் செய்யவில்லை. உண்ண லோட்டோஸ் தருகிறார்கள், அவ்வளவுதான். ஹோமர் அதைத் 'தேன்போல் இனிக்கும் கனி' என்கிறார். அதற்குச் சற்று முன்னர் 'பூ உணவு' என்றும் ஒரு சொல் வருகிறது. தாமரை என்று நினைப்பவர்கள் பிடித்துக்கொள்வது அந்தச் சொல்லைத்தான். ஆனால் தின்னப்படுவது கனி என்று கவிஞரே தெளிவாகச் சொல்லிவிடுகிறார். அது மரமா, புதரா, நீர்ச்செடியா என்று அவர் சொல்லவில்லை.

இதே பகுதியில் இன்னொரு தவறும் உண்டு. லோட்டோஸ் தின்றவர்கள் மயங்கித் தூங்கினார்கள் என்று கதை சொல்வார்கள். மூலத்தில் தூக்கம் இல்லை. அவர்கள் வீடு திரும்ப வேண்டும் என்பதை மறந்து, அங்கேயே தங்க விரும்புகிறார்கள். அவர்கள் அழ அழ ஒடிஸியஸ் இழுத்துவந்து, கப்பலின் இருக்கைகளுக்கு அடியில் கட்டிப்போடுகிறான். அழுகிறவன் விழித்திருக்கிறான். இதைக் கவனித்தாலே லோட்டோஸ் ஒரு போதைப்பூ என்ற ஊகத்தின் வலு பாதி குறைந்துவிடும்.

ஹோமருக்குப் பின் வந்த கிரேக்கர்கள் இந்தக் கனியை லிபியாவின் கடற்கரையில் தேடினார்கள். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தன் வரலாற்றின் நான்காம் நூலில், லோட்டோஸ் கனியையே உண்டு வாழும் மக்கள் அங்கே இருப்பதாக எழுதுகிறார். கனி சிறியது, பேரீச்சையைப் போல இனிப்பது, அதிலிருந்து மதுவும் செய்கிறார்கள் என்கிறார். தாவரங்களைப் பற்றி எழுதிய தேயோஃப்ராஸ்டஸ் சொல்லும் செய்தி இன்னும் சுவையானது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் லிபியக் கரையிலிருந்த சிரீனி நகரின் ஆட்சியாளன் ஓஃபெல்லாஸ், இன்றைய துனீசியாவில் இருந்த கார்த்தேஜ் நகரை நோக்கிப் படை நடத்தியபோது, உணவு தீர்ந்துபோய் வீரர்கள் பல நாள் இந்தக் கனியைத் தின்றே நடந்தார்களாம். யாரும் வீட்டை மறந்ததாக அவர் எழுதவில்லை.

எல்லாரிலும் தெளிவாக எழுதியவர் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ். நேரில் பார்த்து எழுதினார். முள்ளுள்ள சிறு மரம். காய் முதலில் வெளிறியிருந்து, வளர்ந்ததும் சிவந்து உருண்டை ஒலிவக் காயின் அளவை எட்டும். உள்ளே மிகச் சிறிய கொட்டை. பழத்தைப் பறித்து, அடிமைகளுக்காகத் தானிய நொய்யோடு சேர்த்து இடித்துச் சாடிகளில் அடைப்பார்கள். மற்றவர்களுக்குக் கொட்டையை நீக்கிவிட்டு அடைப்பார்கள். அதன் மது பத்து நாளுக்கு மேல் நிற்காது. இதைப் படிக்கும் தமிழருக்கு இலந்தை நினைவுக்கு வராமல் இருக்காது. இடித்துத் தட்டிய இலந்தை வடையின் அக்கா தங்கைதான் அந்தச் சாடி உணவு. நினைவு தவறவும் இல்லை. பொலிபியஸ் வர்ணிக்கும் மரத்தை இன்றைய தாவரவியல் சிசிஃபஸ் லோட்டஸ் என்கிறது. நம் இலந்தையும் சிசிஃபஸ் இனம்தான். துனீசியாவின் ஜெர்பா தீவையே லோட்டோஸ் தின்பவர்களின் நாடு என்று பழங்காலத்தில் பலரும் நம்பினார்கள். அங்கே ஒடிஸியஸின் பலிபீடம் ஒன்றையும் காட்டினார்கள் என்று புவியியல் நூல் எழுதிய ஸ்டிராபோ சொல்கிறார். ஹோமரின் மனத்தில் இருந்தது இந்த மரம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தாமரையைவிட இலந்தைக்கே சான்று அதிகம்.

அடுத்தது எகிப்து. குழப்பத்தின் ஊற்று இங்கேதான். நைல் பெருகி வயல்கள் கடலாகும்போது தண்ணீரில் பூக்கும் அல்லிகளை எகிப்தியர்கள் லோட்டோஸ் என்று அழைப்பதாக ஹெரோடோட்டஸ் இரண்டாம் நூலில் எழுதுகிறார். பூவின் நடுவில் கசகசாக் காய் போல இருப்பதை உலர்த்தி, இடித்து, ரொட்டி சுடுகிறார்கள். ஆப்பிள் அளவில் உருண்ட கிழங்கையும் தின்கிறார்கள். இது தாமரை அன்று, ஆம்பல் இனம். உடனே அவரே வேறொரு செடியைச் சொல்கிறார்: ரோஜாவைப் போன்ற பூ, தனித் தண்டில் குளவிக்கூடு போன்ற காய், அதற்குள் ஒலிவக் கொட்டை அளவில் விதைகள். இதுதான் தாமரை. கவனியுங்கள், லோட்டோஸ் என்ற பெயரை அவர் இதற்குத் தரவில்லை.

தேயோஃப்ராஸ்டஸ் தாமரைக்குத் தந்த பெயர் 'எகிப்திய அவரை'. இலை தெசாலி நாட்டுத் தொப்பி அளவு இருக்கும் என்கிறார். முள் கண்ணில் குத்திவிடும் என்று அஞ்சி முதலை அந்தச் செடிப்பக்கம் வராது என்றும் எழுதுகிறார். முதலையின் அச்சம் இருக்கட்டும், தாமரைத் தண்டைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிறு முட்கள் தெரியும். ஆம்பல் இலை நீரின்மேல் படிந்து கிடக்கும், காம்பு சேரும் இடம்வரை ஒரு பிளவு ஓடும். தாமரை இலையில் பிளவு இல்லை. காம்பு அதன் நடுவில் சேரும், இலை நீருக்கு மேலே எழுந்து நிற்கும். பரம்பரையிலும் இரண்டும் தூரம். தாமரைக்கு நெருங்கிய உறவு ஆம்பல் அன்று, ஐரோப்பியச் சாலைகளில் நிழல் தரும் பிளாட்டனஸ் மரம். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் ஆம்பல், குவளை, நெய்தல், தாமரை என நான்கும் தனித்தனியாக நிற்கின்றன. இவ்வளவு பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு நாம் எல்லாவற்றையும் தாமரை என்று எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இதனால் வரலாற்றிலும் பிழை புகுகிறது. எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்த, மலரிலிருந்து எழும் மரத்தலையைத் 'தாமரையில் பிறந்த அரசன்' என்று எழுதி, உடனே பிரம்மாவோடு முடிச்சுப் போடுகிறார்கள். அந்த மலர் நீல ஆம்பல். தாமரை எகிப்துக்கு வந்தது பாரசீகர் காலத்தை ஒட்டி, அதாவது துட்டன்காமனுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து என்பதே பொதுவான கருத்து.

சொல்லின் பிறப்பைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. எகிப்தியர்கள் லோட்டோஸ் என்று அழைத்ததாக ஹெரோடோட்டஸ் சொன்னதை நம்பி அதை எகிப்தியச் சொல் என்று எழுதக்கூடாது. அவர்கள் அந்த மலரைச் 'செஷென்' என்றார்கள். அது எபிரேயத்தில் ஷோஷன்னாவாகி, இன்று சூசன் என்ற பெயராக நம்மிடையேயும் உலவுகிறது. லோட்டோஸுக்கு உறவாகச் சொல்லப்படுவது எபிரேய 'லோட்'. ஆதியாகமத்தில் இஸ்மவேலர் ஒட்டகங்களில் ஏற்றிவந்த நறுமணப் பிசின் அது. தமிழ் வேதாகமத்தில் வெள்ளைப்போளம். பிசினுக்கும் புல்லுக்கும் கனிக்கும் எப்படி ஒரே பெயர் என்பது இன்னும் தீராத கேள்வி. கிரேக்கத்துக்கு முந்திய மத்தியதரைக் கடற்கரை மொழியொன்றின் எச்சம் என்போரும் உண்டு. மிளகைக் குறிக்கும் 'பெபெரி' பிப்பலியிலிருந்து போனது என்பதற்கு வணிகச் சான்று இருக்கிறது. லோட்டோஸுக்கு அப்படி எதுவும் இல்லாதபோது, ஒலியை மட்டும் வைத்துத் தமிழ் வேரோ வடமொழி வேரோ காட்டுவது வீண்.

புல் என்றேன். ஹோமரில் லோட்டோஸ் குதிரைத் தீவனமாகவும் வருகிறது. ஹோமரின் இன்னொரு காவியமான இலியத்தில் வீரன் அகிலீஸ் போருக்குப் போகாமல் இருக்கும்போது அவன் ஆட்களின் குதிரைகள் லோட்டோஸ் மேய்ந்துகொண்டு நிற்கின்றன. ஒடிஸியில் ஸ்பார்டா அரசன் மெனலாஸ் குதிரைகளைப் பரிசளிக்க, ஒடிஸியஸின் மகன் டெலமாக்கஸ் பணிவாக மறுக்கிறான்: உங்கள் சமவெளியில் லோட்டோஸும் கோரையும் கோதுமையும் விளைகின்றன, எங்கள் இத்தாகாவில் புல்வெளியே இல்லை, அது ஆடு மேயும் பூமி. இங்கே தாமரை என்று எழுதினால் அந்த இளைஞனின் பேச்சே பொருளற்றுப் போகும். நம் பண்ணைகளில் குதிரைமசால் என்று வளர்க்கிறோமே, அதைப் போன்ற மூவிலைச் செடி அது.

லத்தீன் பெயர்களையும் நம்ப வேண்டாம். லோட்டஸ் என்று பெயரிடப்பட்ட தாவர இனம் பெரும்பாலும் மஞ்சள் பூப் பூக்கும் அவரைக் குடும்பத்துச் செடிகள். நிம்ஃபேயா லோட்டஸ் ஆம்பல். டயாஸ்பைரஸ் லோட்டஸ் ஒரு பழமரம். தாமரையின் பெயரான நெலும்போ நியூசிஃபெராவில் லோட்டஸ் இல்லவே இல்லை. நெலும்போ, 'நெலும்' என்ற சிங்களச் சொல்லிலிருந்து 1763இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் அடான்சன் எடுத்துக்கொண்டது.

யூரிபிடிஸின் நாடகங்களில் லோட்டோஸ் இனிமையாக ஒலிக்கும். அங்கே அது செடியும் அன்று, அந்தப் பெயர்கொண்ட ஒரு லிபிய மரத்தில் கடைந்த குழல்.