மத்திய அலையில் தொலைதூர வானொலி நிலையங்களைக் கேட்பது எப்படி?

எந்த ஊர் வானொலியையும் கைப்பேசியில் கேட்டுவிடக்கூடிய இந்நாளில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு நிலையத்தை வெறும் வானொலிப் பெட்டியைக் கொண்டு பிடிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இக்கட்டுரை விடை சொல்லப் போவதில்லை. ஆர்வம் ஏற்கெனவே வந்துவிட்டவர்கள், தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு, அதிகச் செலவின்றி எவ்வாறு தொடங்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன். விலையுயர்ந்த பெட்டியும் நீண்ட ஏரியலும் இருந்தால்தான் தொலைதூர நிலையங்கள் கிடைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். இரவு நேரத்தில் அந்த நிலையங்களின் அலை பெரும்பாலும் நம் வீட்டு வாசல்வரை வந்துதான் இருக்கிறது. வீட்டு மின்கருவிகளின் இரைச்சலும் உள்ளூர் நிலையத்தின் வலுவும் அதை மூடிவிடுகின்றன. எனவே அருகில் இருப்பதை விலக்கக் கற்றுக்கொள்வதே இப்பொழுதுபோக்கின் பெரும்பகுதி.

ஆசிய நாடுகளில் மத்திய அலை (பெட்டியில் MW அல்லது AM என்று குறித்திருக்கும் பட்டை) 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை, 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள 120 அலைவரிசைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 1975இல் ஜெனீவாவில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி 1978 நவம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. எல்லா எண்களும் 9ஆல் வகுபடுவதால், இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தே ஓர் எண் சரியானதா என்று அறியலாம். ஆகாசவாணியின் சென்னை 720, திருச்சி 936, கோவை 999, மதுரை 1269, திருநெல்வேலி 1197, புதுச்சேரி 1215 ஆகிய எண்களைக் கூட்டினால் 9, 18, 27 என்றுதான் வரும். அமெரிக்கக் கண்டத்தில் இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ் என்பதால், வெளிநாட்டிலிருந்து வாங்கிய டிஜிட்டல் பெட்டியை முதலில் 9க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் பெட்டி 720இல் நிற்கும், 936ஐத் தாண்டிப் போய்விடும்.

முதல் வேலை தொலைதூரத்தைத் தேடுவதன்று. நண்பகலில் பெட்டியை வைத்துக்கொண்டு 531இலிருந்து 1602 வரை ஒவ்வோர் அலைவரிசையாக நின்று கேட்டு, எந்த எண்ணில் எந்த நிலையம், எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். இந்தப் பகற்பட்டியல் இருந்தால்தான், இரவில் ஓர் அலைவரிசையில் புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்பது தெரியும். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம். ஆகாசவாணி தன் பழைய மத்திய அலைபரப்பிகள் பலவற்றை நிறுத்திவருவதால், நான் இங்கே குறிப்பிடும் எண்களையும் அந்தந்த நிலையங்களுக்குரிய எண்களாகக் கொண்டு, காதால் சரிபார்த்துக்கொள்வதே முறை.

பகலும் இரவும்

பகலில் மத்திய அலை ஏன் தொலைவு செல்வதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சூரிய ஒளியால் தரையிலிருந்து சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உருவாகும் டி அடுக்கு, மேல்நோக்கிச் செல்லும் மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. தரையை ஒட்டிச் செல்லும் அலை மட்டுமே நம்மை அடைகிறது. சூரியன் மறைந்ததும் டி அடுக்கு விரைவில் கலைந்துவிட, அதற்கும் மேலேயுள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்களைத் தாண்டி இறங்குகிறது. தரையலைக்குக் கடல் ஒரு பெரும் துணை: உப்புநீரின் மின்கடத்துதிறன் நிலத்தைவிடப் பல நூறு மடங்கு மிகுதி என்பதால், கடலைக் கடந்துவரும் அலை அதிகம் தேய்வதில்லை. இலங்கையின் புத்தளத்திலிருந்து 400 கிலோவாட் திறனில் 882இல் ஒலிபரப்பும் டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோவும், இலங்கை நேயர்களுக்கென அமைந்த ஆகாசவாணியின் தூத்துக்குடி 1053உம் நீரிணையின் இரு கரைகளிலும் தெளிவாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். நாகப்பட்டினம், இராமேசுவரம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பட்டணத்து நேயர்கள் பொறாமைப்படக்கூடிய இடத்தில் இருக்கிறார்கள்.

மாலையில் கிழக்கைத் தேடுங்கள். சென்னையில் ஆறு மணிக்கு வெளிச்சம் மங்கும்போது பாங்காக்கில் ஏழரை மணி ஆகி இருட்டிவிட்டிருக்கும்; ஆகவே தாய்லாந்து, மியன்மார், வங்கதேசப் பக்கத்து நிலையங்கள் முதலில் எழும். விடியலில் இது தலைகீழாகும்: இங்கே காலை ஆறு மணி என்றால் ஓமானில் நாலரை மணி, இன்னும் இருட்டு, அதனால் வளைகுடா நாட்டு நிலையங்கள் நம் கிழக்கு வானம் வெளுக்கும்வரை தங்கி நிற்கும். நடு இரவுக்கு வேறொரு சிறப்பு உண்டு. ஆகாசவாணியின் பிராந்திய நிலையங்கள் பல இரவு பதினொரு மணியை ஒட்டி நிறைவு செய்துவிடுவதால், அதுவரை அவை மறைத்திருந்த அலைவரிசைகளில் பிற நாட்டு நிலையங்கள் தலைகாட்டும். விடியற்காலையில் நம் நிலையங்கள் மீண்டும் தொடங்கும்வரை தூக்கத்தைத் துறக்க முடிந்தவர்களுக்கு அறுவடைதான்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதக் கோடை இடியும், ஐப்பசி, கார்த்திகை மழைக்கால இடியும் மத்திய அலை முழுவதும் படபடவென்று வெடிக்கும். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் இரவு நீளம், வானம் அமைதி. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

வீட்டு இரைச்சல்

எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர், மின்விசிறி ரெகுலேட்டர், இணைய மோடம் ஆகிய ஒவ்வொன்றும் மத்திய அலையில் ஒரு தனி ரீங்காரத்தை எழுப்பும். பேட்டரியில் இயங்கும் பெட்டியைக் காலியான ஓர் அலைவரிசையில் வைத்துக்கொண்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பாகப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அடங்காவிட்டால் அண்டை வீட்டிலோ தெருக் கம்பத்திலோ இருக்கிறது. மொட்டை மாடிக்கோ, மின்கம்பிகளிலிருந்து விலகிய திடலுக்கோ செல்வதைத் தவிர வழியில்லை. எல்லோரும் சலித்துக்கொள்ளும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நமக்கு ஒரு வரம். தெரு முழுவதும் மின்சாரம் இல்லாத அந்தப் பகல் நேரத்தில், மற்ற நாட்களில் கேட்கவே கேட்காத பக்கத்து மாநில நிலையங்கள் தரையலையில் மெலிதாக எழுவதைக் கேட்கலாம்.

பெட்டியைத் திருப்பும் கலை

மத்திய அலைக்குப் பெட்டியின் நீட்டுக் கம்பி உதவாது. அது பண்பலைக்கும் சிற்றலைக்கும் உரியது. உள்ளே, பெரும்பாலும் மேல்விளிம்பை ஒட்டிப் படுக்கையாக இருக்கும் ஃபெரைட் தண்டில் சுற்றிய கம்பிச்சுருளே இங்கு ஏரியல். தண்டின் பக்கவாட்டிலிருந்து வரும் அலையை அது நன்றாக ஏற்கும். தண்டின் முனை நோக்கும் திசையிலிருந்து வருவதை ஏறத்தாழ விட்டுவிடும். ஏற்கும் திசை அகலமானது, விடும் திசை மிகக் குறுகியது. ஆகவே ஒரு நிலையத்தை உரக்கக் கேட்பதற்காக மட்டும் பெட்டியைத் திருப்பாமல், தொல்லை தரும் நிலையத்தை மறையச் செய்வதற்காகத் திருப்பப் பழக வேண்டும்.

சென்னையில் இருப்பவர் ஐதராபாத்தின் 738ஐத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். ஐதராபாத் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தொலைவில், வட வடமேற்கில் இருக்கிறது. உள்ளூர் 720இன் 200 கிலோவாட் வலு, இரண்டு இடம் தள்ளியிருக்கும் 738இலும் கரகரவென்று சிந்தும். முதலில் 720இலேயே நின்று, பெட்டியைக் கிடைமட்டமாக மெல்லச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் ஒலி சட்டென்று தாழும். அங்கிருந்து பெட்டியின் ஒரு முனையைச் சற்று உயர்த்தியோ தாழ்த்தியோ இன்னும் தாழ்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையைக் கலைக்காமல் 738க்கு வாருங்கள். பெட்டியில் அலைப்பட்டை அகலத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் 3 கிலோஹெர்ட்ஸுக்கோ அதற்குக் கீழோ குறைத்து, 738இல் நிற்காமல் 739 அல்லது 740க்கு நகருங்கள். பேச்சு சற்றுக் கீச்சென்று ஒலிக்கும்; ஆனால் 720இன் சிதறலிலிருந்து விலகிவிட்டதால் தெலுங்குச் சொற்கள் பிரிந்து கேட்கத் தொடங்கும். உள்ளூர் நிலையமும் தேடும் நிலையமும் நமக்கு ஒரே நேர்கோட்டில், ஒரே பக்கத்திலோ எதிரெதிர்ப் பக்கத்திலோ அமைந்துவிட்டால் இந்த உத்தி பலிக்காது. தண்டுக்கு இரண்டு முனைகள் உண்டு, இரண்டுமே விட்டுவிடும் திசைகள்தாம்.

பெட்டியைப் பொறுத்தவரை, டெக்சன் பி.எல்.-330 போன்ற டிஜிட்டல் பெட்டி வசதியானது. எண் துல்லியமாகத் தெரியும், பட்டை அகலத்தை மாற்றலாம். வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் இருந்தால் அதைக்கொண்டே தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. பணத்தைப் பெட்டியில் போடுவதைவிட ஒரு சட்டக ஏரியல் கட்டுவதில் போட்டால் பலன் அதிகம், செலவோ மிகக் குறைவு.

60 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரமாகக் கம்பி அமையும்படி மரக்கட்டைகளைக் குறுக்காகப் பிணைத்துக்கொண்டு, காப்பிட்ட மெல்லிய செம்புக் கம்பியை, சுற்றுக்குச் சுற்று சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு 13 சுற்றுகள் சுற்றுங்கள். 32 மீட்டர் கம்பி போதும். கம்பியின் இரு முனைகளையும், பழைய டிரான்சிஸ்டரிலிருந்து கழற்றிய, 365 பைக்கோஃபாரட் அளவிலான கேங் கண்டென்சரில் (நிலையம் தேடும் குமிழால் திருப்பப்படும் பாகம்) இணையுங்கள். பெட்டிக்கும் சட்டகத்துக்கும் இடையே கம்பி எதுவும் தேவையில்லை. பெட்டியை நிலையத்தில் வைத்துச் சட்டகத்தின் அருகே, ஃபெரைட் தண்டு சட்டகத்தின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி நிறுத்தி, கண்டென்சரை மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் ஒலி பொங்கி எழும். 531 பக்கம் எட்டவில்லை என்றால் ஒரு சுற்றைக் கூட்டுங்கள். 1602 பக்கம் எட்டவில்லை என்றால் ஒன்றைக் குறையுங்கள். இடி மின்னல் நேரத்தில் மொட்டை மாடியில் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

கேட்டது எது?

கேட்பதைவிட அடையாளம் காண்பதே கடினம். ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தியைப் பல நிலையங்கள் ஒரே நேரத்தில் அஞ்சல் செய்வதால், செய்தி கேட்டது என்பதைக் கொண்டு அது எந்த ஊர் என்று சொல்ல முடியாது. நிலையத்தின் பெயரை அறிவிக்கும் நேரம்வரை, குறிப்பாக ஒவ்வொரு மணி நேரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், காத்திருக்க வேண்டும். உள்ளூர் வானிலை, சந்தை நிலவரம், விளம்பரங்களில் வரும் ஊர்ப் பெயர்கள் ஆகியவையும் துணைசெய்யும். ஆகாசவாணியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் அந்த நிலையத்தைத் திறந்து இரண்டையும் ஒப்பிடலாம்; செயலியின் ஒலி சில நொடிகள் பிந்தி வரும்.

மொழி தெரிந்தாலே திசை பாதி தெரிந்துவிடும். 693இல் வங்காளம் கேட்டால் டாக்காவின் 1000 கிலோவாட் நிலையத்தை நினைக்கலாம். 594இல் வங்காளம் என்றால், வங்கதேச நேயர்களுக்காக 2016இல் தொடங்கிய ஆகாசவாணி மைத்ரீயின், மேற்கு வங்கச் சின்சுராவிலுள்ள அலைபரப்பியையும் எண்ண வேண்டும். ஒலி சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து தாழ்வது இயல்பு. தாழ்ந்த வேளையில் எண்ணை மாற்றிவிடாமல் பொறுத்திருந்தால் மீண்டும் எழும். பேச்சோ இசையோ இன்றிச் சீரான ஓர் இரைச்சல் மட்டும் கேட்டால், அது பெட்டியின் பழுதாக இருக்க வேண்டியதில்லை, டி.ஆர்.எம். எனப்படும் டிஜிட்டல் ஒலிபரப்பு சாதாரணப் பெட்டியில் அப்படித்தான் ஒலிக்கும். 1440இல் சென்னை நிகழ்ச்சி கேட்டால் மகிழ்ந்துவிட வேண்டாம். 720இன் இரட்டிப்பு 1440. வலுவான உள்ளூர் அலை பெட்டியைத் திணறடிக்கும்போது இத்தகைய போலிகள் தோன்றும்.

நாள், நேரம், அலைவரிசை, மொழி, கேட்ட செய்தி ஆகியவற்றை உடனுக்குடன் எழுதுங்கள். நேரத்தை யூ.டி.சி. எனப்படும் உலகப் பொது நேர முறையில் குறிப்பது உலக வழக்கம். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும் என்பதால், அதிகாலையில் கேட்டவற்றுக்கு முந்தைய நாள் தேதி வரும். தரத்தைக் குறிக்க சின்போ என்னும் ஐந்து இலக்க முறை உண்டு: ஒலிவலு, பிற நிலையக் குறுக்கீடு, இரைச்சல், அலைப் பரவல், ஒட்டுமொத்தத் தரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. 5 என்றால் மிக நன்று. நண்பர்களை மகிழ்விக்க 55555 என்று எழுதுவோர் உண்டு. நிலையத்தின் பொறியாளருக்கு 34232 என்ற உண்மையான எண்ணே பயன்படும்.

அரைமணி நேரமாவது கேட்ட விவரங்களைத் தொகுத்து நிலையத்துக்கு அனுப்பினால், பல நிலையங்கள் வண்ண அட்டை அனுப்பிக் கேட்டதை உறுதிசெய்யும். “இனிய இசை ஒலித்தது” என்று பொதுவாக எழுதாமல், எத்தனை மணிக்கு யார் எதைப் பற்றிப் பேசினார், எந்தப் பாடல் வந்தது, எப்போது நிலையப் பெயர் சொல்லப்பட்டது என்று நிமிடக் கணக்கில் எழுத வேண்டும். பெட்டியின் பெயர், ஏரியலின் வகை, கேட்ட ஊர் ஆகியவற்றையும் சேருங்கள். இணையம் வழியே வேறொருவரின் வானொலிப் பெட்டியில் கேட்டதை உங்கள் வீட்டில் கேட்டதாக எழுதக் கூடாது. அதை அடையாளம் காண்பதற்கான துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பதிந்த ஒரு நிமிட ஒலித்துண்டை மின்னஞ்சலில் இணைத்தால், மொழி புரியாத நிலையத்துக்கு எழுதும்போது அதுவே முழுச் சான்றாகிவிடும்.