பிளாட்பாரக் கல் சென்சார் கண்ணில் படுமா? புதிதாகக் கார் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். பம்பரின் அடி விளிம்பு கிழிந்து தொங்கும். கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றே: “சென்சார் கத்தவே இல்லையே!” கத்தியிருக்காது. அந்த உயரத்தைப் பார்ப்பது அதன் வேலை இல்லை.

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் பயணிகள் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். சுவர், தூண், பின்னால் நிற்கும் வண்டி ஆகியவற்றுக்கு அது நல்ல காவல். 10, 15 செ.மீ. உயரமுள்ள பிளாட்பார ஓரக்கல்லுக்கு அதை நம்பி வண்டியை நகர்த்தக் கூடாது. மெதுவாகப் போ, கண்ணாடியைப் பார் என்பதையெல்லாம் டிரைவிங் ஸ்கூலிலேயே சொல்லியிருப்பார்கள். அதை இங்கே விட்டுவிடலாம்.

பீப் நின்றால் இடம் இருக்கிறது என்று நினைப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருவது இந்தத் தவறைப் பார்த்துத்தான். செய்பவர் அசட்டையானவர் இல்லை என்பதுதான் காரணம். சென்சார் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார், ஆனால் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்.

கடைத்தெருவில் பிளாட்பாரத்தை நோக்கி ரிவர்ஸில் வருகிறார் ஒருவர். ஒரு மீட்டர் வாக்கில் பீப், பீப் என்று தொடங்குகிறது. கொஞ்சம் நெருங்கியதும் ஒலி வேகமாகிறது. பிறகு பட்டென்று அடங்கிவிடுகிறது. பக்கத்து சீட்டில் இருப்பவர், “அவ்வளவுதான், ஒண்ணுமில்ல, வா வா” என்கிறார். அடுத்த அரை மீட்டரில் சைலன்சர் வால் கல்லில் இடிக்கிறது.

கணக்கு எளிது. சென்சார் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அது அனுப்பும் மீயொலி (நம் காதுக்குக் கேட்காத ஒலி) டார்ச் வெளிச்சம் போல விரிந்து போகும். பக்கவாட்டில் அகலமாக, மேலும் கீழும் குறுகலாக. கீழ்நோக்கி 30 டிகிரி விரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒலியின் அடி ஓரம் தரையைத் தொடும் இடம் பம்பரிலிருந்து ஏறக்குறைய 87 செ.மீ. தள்ளி இருக்கும். அதற்கு அப்பால் உள்ள கல் முழுதாக ஒலிக்குள் இருக்கிறது. சாலையும் கல்லின் முகமும் சேரும் மூலை ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும். அதனால்தான் முதலில் பீப் வருகிறது.

வண்டி நெருங்க நெருங்க ஒலி கல்லின் தலைக்கு மேலே போய்விடும். 15 செ.மீ. கல் என்றால் சுமார் 60 செ.மீ. தூரத்தில் அது மறையும். 10 செ.மீ. கல் 70 செ.மீ. தூரத்திலேயே காணாமல் போகும். உயர்த்திக் கட்டிய 25 செ.மீ. பிளாட்பாரம்கூட கடைசி 43 செ.மீ.யில் மறைந்துவிடும். அந்த உயரத்தில் இடி வாங்குவது சைலன்சர் மட்டுமில்லை, பம்பரும்தான். சென்சாருக்குச் சென்சார் இந்த எண்கள் மாறும், ஆனால் கிட்ட வந்தால் கல் மறையும் என்பது மாறாது. கார் கையேடுகளிலும் இந்த எச்சரிக்கை இருக்கும். அந்தப் பக்கம்வரை யாரும் புரட்டுவதில்லை.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஜல்லி, மேடு பள்ளத்துக்கெல்லாம் கத்தாமல் இருக்க, தரையிலிருந்து வரும் பலவீனமான எதிரொலிகளைச் சென்சாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி தள்ளிவிடும். முனை மழுங்கிய கல், சரிவாகக் கட்டிய கல் போன்றவை தரும் எதிரொலி இந்தக் கழிவோடு போய்விடும். அப்போது முதல் பீப் கூட வராது.

எனவே காதைப் பழக்க வேண்டியது இப்படித்தான். சுவரை நெருங்கும்போது ஒலி இடைவிடாமல் வேகமாகி, 30 செ.மீ. வாக்கில் ஒரே நீள ஒலியாகிவிடும். நீள ஒலி வராமல் நடுவில் அடங்கினால் பின்னால் குட்டையான ஏதோ இருக்கிறது, அது முக்கால் மீட்டருக்குள் வந்துவிட்டது. அங்கேயே பிரேக். இறங்கிப் பாருங்கள். சில கார்களில் வண்டி அசையாமல் நின்றால் சில நொடிகளில் ஒலி தானாகவே அடங்கும். அதையும் ‘வழி கிடைத்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

முன்னாலும் சென்சார் இருக்கிறது என்று நினைப்பது

பெரும்பாலான கார்களில், அதிலும் அடிமட்ட வேரியன்ட்களில், இல்லை. பம்பரைத் தடவிப் பாருங்கள்.

டயர் கல்லில் முட்டும்வரை வண்டியின் மூக்கை விடுவது

அம்பாசடர் காலத்துப் பழக்கம், அப்பா சொல்லிக்கொடுத்திருப்பார். இன்றைய கார்களில் முன் சக்கர நடுவிலிருந்து பம்பர் 70 முதல் 90 செ.மீ. வரை முன்னே நீண்டிருக்கும். டயர் கல்லைத் தொடும்போது மூக்கு பிளாட்பாரத்துக்கு மேலே போய் நிற்கும்.

‘கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி) 17 செ.மீ., கல் 15 செ.மீ., போதுமே’ என்று கணக்குப் போடாதீர்கள். பிரேக் போட்டால் மூக்கு தாழும். ஆள் ஏறினாலும் தாழும். தனியாக வந்து நிறுத்தும்போது உரசாத பம்பர், திரும்பும்போது நான்கு பேரும் பைகளும் ஏறியதும் பிளாட்பாரத்தின் மேல் உட்கார்ந்துவிடும். ஓரக்கல்லுக்குப் பின்னால் மண் அரித்தோ டைல்ஸ் இறங்கியோ இருந்தால், அடி விளிம்பு அந்தப் பள்ளத்தில் இறங்கி, கல்லைக் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். முன்னே போகும்போது அந்த விளிம்பு பின்பக்கமாக மடங்கிக் கொடுக்கும். ரிவர்ஸில் இழுத்தால் மடங்க வழியில்லை. அடியிலுள்ள பிளாஸ்டிக் கிளிப்புகள் பிடுங்கிக்கொண்டு வரும், பக்கவாட்டுக் கொக்கி ஒடியும், பம்பருக்கும் ஃபெண்டருக்கும் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) நடுவே விரல் நுழையும் இடைவெளி விழும்.

மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். எல்லோரையும் இறக்குங்கள், வண்டி சற்று எழும்பும். போதவில்லை என்றால் ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கையேட்டில் காட்டிய ஜாக்கி இடத்தில் முன்பக்கத்தைத் தூக்கி, டயருக்கு அடியில் பலகை கொடுங்கள். தூக்கிய வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்க வேண்டாம். ஜாக்கியை இறக்கி எடுத்த பிறகு, விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு ரப்பர் மேட்டைச் செருகுங்கள். சக்கரத்துக்கு வைத்த கற்களை எடுத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, கிளட்சை மெல்ல விட்டு ரிவர்ஸ் எடுக்கலாம்.

கல்லைப் பிடிக்கட்டும் என்று சென்சாரைக் கீழே இறக்கி மாட்டுவது

கடையில் தனியாக வாங்கிப் பொருத்துபவர்கள் செய்யும் புத்திசாலித்தனம் இது. 35 செ.மீ.யில் மாட்டினால் அது தரையையே பார்க்கும். எந்த ஜல்லி ரோட்டிலும் கத்திக்கொண்டே இருக்கும். பிறகு உணர்திறனைக் குறைப்பார்கள், கல்லும் சேர்ந்து போய்விடும். 50 முதல் 65 செ.மீ.க்குள் வையுங்கள். சென்சாரில் மேல்பக்கத்தைக் காட்டும் குறி இருக்கும். அதைத் திருப்பி மாட்டினாலும் இதே கூத்துதான்.

சென்சார் மேல் கெட்டியாகப் பெயிண்ட் அடிப்பது

உள்ளே உள்ள தகடு சரியாக அதிராது.

பக்கவாட்டையும் அது பார்க்கும் என்று நம்புவது

ரோட்டோரம் ஒட்டி நிறுத்தும்போது அலாய் வீல் தேய்வது இதனால்தான். 205/55 ஆர்16 டயரின் பக்கச் சுவர் 11.3 செ.மீ. உயரம்தான், கல் 15 செ.மீ. டயர் படுவதற்குள் ரிம்மின் ஓரம் பட்டுவிடும். பக்கச் சுவரில் வெட்டோ வீக்கமோ விழுந்தால் பஞ்சர் கடையில் ஒட்ட முடியாது, டயரையே மாற்ற வேண்டும். இடப்பக்கக் கண்ணாடியைக் கீழே சாய்த்து, பின் சக்கரமும் கல்லும் ஒன்றாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

சோதித்துப் பார்க்காமலே ஓட்டுவது

பத்து செங்கல் போதும். வெறிச்சோடிய சமதளத்தில் ஐந்து ஐந்தாக இரண்டு அடுக்கு, படுக்கைவாட்டில் வரிசையாக வையுங்கள். ஒரு மீட்டருக்குச் சற்று அதிக நீளமும் சுமார் 15 செ.மீ. உயரமும் வரும். ஒற்றைச் செங்கல் வேண்டாம், எதிரொலி பிளாட்பாரம் போல வராது. நீங்கள் ரிவர்ஸில் ஊர்ந்து வாருங்கள். உதவிக்கு இருப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், வண்டிக்குப் பின்னால் நிற்கவே கூடாது. பீப் தொடங்கும் இடத்திலும் அடங்கும் இடத்திலும் நிறுத்தி, பம்பரிலிருந்து கல்வரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். மூன்று முறை செய்தால் உங்கள் வண்டியின் குருட்டுத் தூரம் கையில் கிடைக்கும்.

முன்பக்கத்துக்கு வேறு வழி. பம்பருக்கும் கல் வரிசைக்கும் 30 செ.மீ. விட்டு நிறுத்துங்கள். கற்கள் பானெட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும், ஆனால் அதே வரிசையைப் பக்கவாட்டில் நீட்டினால் ஓட்டுநர் சீட்டிலிருந்து பக்க ஜன்னலில் எங்கோ தெரியும். அந்த இடத்தில் ஒரு சின்னத் துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். சீட்டை முன்பின் நகர்த்தினால் குறியும் தப்பும். வீட்டில் இரண்டு பேர் ஓட்டினால் இரண்டு குறி வேண்டும்.