ஒன்பதாம் வகுப்பு முதல் வீட்டுப்பாடம் எவ்வளவு கொடுக்கலாம்? கணக்குப் போடும் வழி

வீட்டுப்பாடம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால், "பயிற்சி மூன்றில் பதினைந்து கணக்கு" என்பார்கள், அல்லது "பாடம் நாலில் கேள்வி பதில் முழுக்க" என்பார்கள். அதைச் செய்து முடிக்கப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. நான் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை கணிதம் எடுக்கும் ஆசிரியை. வீட்டுப்பாடத்தை நிமிடத்தால் அளக்க வேண்டும், எல்லாப் பாடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அளக்கும் வழியை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தூக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் பரிந்துரைத்தது. காலை 6 மணிக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு 10 மணிக்குக் கண்ணை மூடினால்தான் அதில் குறைந்தபட்ச அளவாவது கிடைக்கும். பள்ளி விட்டு வீடு வந்து சேர மாலை 4.30 என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது ஐந்தரை மணி நேரம். குளிக்க, சாப்பிட, வீட்டில் சின்னச் சின்ன வேலை பார்க்க ஒன்றரை மணி போகும். விளையாட, நண்பர்களோடு பேச, சும்மா இருக்க ஒரு மணி வேண்டும். இதில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். படுப்பதற்கு முன் நோட்டையும் திரையையும் மூடிவைத்து மனம் அடங்க இன்னொரு மணி. மிஞ்சுவது இரண்டு மணி நேரம். ட்யூஷன் போகிற பிள்ளைக்கு அந்த ட்யூஷனும் இதற்குள்தான் அடக்கம்.

ஆய்வுகள் சொல்வதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ட்யூக் பல்கலைக்கழக உளவியலாளர் ஹாரிஸ் கூப்பரும் உடன் இருந்தவர்களும் 1987 முதல் 2003 வரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் வெளியிட்டார்கள். ஏழாம் வகுப்பு முதல் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது, சின்ன வகுப்புகளில் அது மிகவும் பலவீனமாக இருந்தது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கும் மாணவர்களுக்கு ஓர் இரவுக்கு ஒன்றரை முதல் இரண்டரை மணி வரை பலன், அதைத் தாண்டினால் பலன் குறைகிறது என்பது கூப்பர் சொல்லும் எல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை வீட்டுப்பாடத்தையும் ஒழுங்காக முடிக்கும் என்பதால், மதிப்பெண் கூடியதற்கு வீட்டுப்பாடம்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லவும் முடியாது.

பத்து நிமிட விதி என்று ஒன்று உண்டு. வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்கினால் அன்றைக்கான நிமிடம் வந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு 90 நிமிடம், பன்னிரண்டாம் வகுப்புக்கு 120. அமெரிக்காவின் தேசியப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆதரிக்கும் விதி இது. அந்த நிமிடங்கள் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. ஒவ்வொரு பாடத்துக்கும் அத்தனை நிமிடம் என்று புரிந்துகொண்டு நடப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசாவின் 2012 சுற்றில், 15 வயதுப் பிள்ளைகள் சராசரியாக வாரத்துக்கு 5 மணி நேரம் வீட்டுப்பாடம் செய்தார்கள். ஷாங்காயில் அது கிட்டத்தட்ட 14 மணி, ஃபின்லாந்தில் 3 மணிக்கும் குறைவு. வாரம் 4 மணி நேரத்துக்கு மேல் கூடுகிற நேரத்தால் பெரிய பலன் இல்லை என்பதுதான் அந்தத் தரவிலிருந்து பீசாவை நடத்துபவர்கள் எடுத்த முடிவு.

என் அளவு: ஒன்பது, பத்துக்கு நாளுக்கு ஒன்றரை மணி; பதினொன்று, பன்னிரண்டுக்கு இரண்டு மணி. அதுவும் உச்ச வரம்புதான். முக்கால் மணியில் முடிந்துவிட்டால் மிச்ச நேரத்தை நிரப்ப இன்னொரு வேலை கொடுக்கத் தேவையில்லை.

இனி அந்த ஒன்றரை மணியைப் பங்கு போட வேண்டும். ஐந்து பாடத்துக்கும் தினமும் என்றால் தலைக்கு 18 நிமிடம் விழும். அதில் ஒன்றும் உருப்படியாக நடக்காது. ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். வகுப்புக்கு ஒரு கட்டம், நாளுக்கு ஒரு கட்டம். வீட்டுப்பாடம் கொடுக்கிற ஆசிரியர் பாடத்தையும் நிமிடத்தையும் அதில் எழுத வேண்டும். 90 நிரம்பிவிட்டால் அடுத்து வருபவர் மறுநாளைக்கு எடுத்துக்கொள்வார். ஒரு நாளுக்கு இரண்டு அல்லது மூன்று பாடம் போதும். முதல் வாரம் கொஞ்சம் மனஸ்தாபம் வரும். சொல்லி வைத்தாற்போல் எல்லோருக்கும் திங்கட்கிழமைதான் வேண்டியிருக்கும். வகுப்பாசிரியர் நடுவில் நின்று பிரித்துக் கொடுத்தால் படிந்துவிடும்.

கொடுக்கிற வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று தெரிந்துகொள்ள, கொடுப்பவரே அதைச் செய்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரியும் நோட்டில் எழுதி, கடிகாரம் பார்த்து. எனக்குப் பத்து நிமிடம் பிடித்தால், வேகமாகச் செய்கிற பிள்ளைக்கு இருபதும் தடுமாறுகிற பிள்ளைக்கு நாற்பதும் ஆகும் என்பது என் அனுபவம். தாளில் எழுத வேண்டியது அந்த நாற்பதைத்தான். வகுப்பில் முதல் வரிசைக்கு ஆகும் நேரத்தை எழுதினால், கடைசி வரிசைப் பிள்ளை நள்ளிரவு வரை விழித்திருக்கும். இல்லையென்றால் காலையில் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும்.

எண்ணிக்கையைக் குறைத்தால் பயிற்சி போய்விடுமே என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கவலைதான். ஆனால் ஒரே மாதிரி இருபது கணக்கு எதைப் பழக்குகிறது என்று பாருங்கள். −3-இன் வர்க்கம் −9 என்று நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளை, அதே பிழையை இருபது தடவை எழுதிக் கையில் ஊறவைத்துக்கொண்டு மறுநாள் வருகிறது. அதை அழிக்க எனக்கு ஒரு வாரம் வேண்டும். சரியாகத் தெரிந்த பிள்ளைக்கோ நாலாவது கணக்குக்கு மேல் கை மட்டும்தான் ஓடும்.

அதனால் நான் ஆறு கணக்குதான் கொடுக்கிறேன். இரண்டு அன்றைக்கு நடத்தியது, இரண்டு போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. ஆறாவது, நானே தப்பாகச் செய்து கொடுத்த கணக்கு. −3-ஐ வர்க்கப்படுத்தும் இடத்தில் −9 என்று போட்டு, அதை வைத்தே விடை வரைக்கும் கொண்டுபோயிருப்பேன். எந்த வரியில் பிசகியது, ஏன் என்று ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். புரியாத பிள்ளை அங்கேயே எனக்குத் தெரிந்துவிடும். பழைய கணக்கைக் கலப்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஆய்வாளர்கள் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், வகைகளைக் கலந்து பயின்ற கல்லூரி மாணவர்கள் பயிற்சியின்போது அதிகம் தடுமாறினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் 63 சதவீதம் சரியாகச் செய்தார்கள். வகை வகையாகப் பிரித்துப் பயின்றவர்கள் 20 சதவீதம்தான்.

திருத்த நேரமில்லாத வீட்டுப்பாடத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பார்த்துப் படி எடுத்து எழுதும் வேலையும் வேண்டாம். நோட்டு நிரம்பும், அவ்வளவுதான்.

பெற்றோர் செய்ய வேண்டியது இரண்டு வாரத்துக்கு நேரம் குறிப்பது. பிள்ளை உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், பாடம். ஃபோன் பார்த்த நேரத்தைக் கழித்துவிட்டுப் பேனா ஓடிய நேரத்தை மட்டும் எழுதுங்கள். அந்த நேர்மை இல்லாவிட்டால் தாளுக்கு மதிப்பில்லை. வரம்பு தாண்டும் நாளில், செய்து முடித்த இடத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, "இதுவரை 95 நிமிடம், தூங்க அனுப்பிவிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். மீதியை நீங்களே செய்து கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு எது வரவில்லை என்பதை ஆசிரியரிடமிருந்து மறைத்ததாகிவிடும்.

இரண்டு வாரத் தாளோடு முதலில் வகுப்பாசிரியரைப் பாருங்கள். ஒரு பாட ஆசிரியரிடம் மட்டும் போனால் "நான் கொஞ்சம்தானே கொடுத்தேன்" என்பார், அது உண்மையாகவும் இருக்கும். மொத்தத்தைப் பார்க்கக்கூடியவர் வகுப்பாசிரியர்தான். ஆசிரியர்களிடம் நான் கேட்பது: அந்தக் கோட்டைப் பார்த்துப் பிள்ளையை எழுப்பி நிறுத்தாதீர்கள். கோட்டுக்குக் கீழே விடுபட்ட கணக்கை அன்றைய வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் கரும்பலகையில் எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நோட்டில் ஒரே இடத்தில் கோடு விழுந்திருந்தால், அந்தப் பகுதியை இன்னொரு முறை நடத்த வேண்டியிருக்கிறது.